லொறியின் தடித்த வடங்கள்

விடியுமுன் சந்தைக்குப் புறப்படவேண்டிய பழைய லொறியொன்று, திறப்பைத் திருப்பியதும் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "பற்றரி முடிந்துவிட்டது" என்று சுற்றி நிற்போர் உடனே தீர்ப்புக் கூறுவர். எங்கள் ஊரில் வெங்காயம் ஏற்றும் ஒருவர் இத்தீர்ப்பை நம்பி ஓராண்டில் இரண்டு பற்றரிகள் வாங்கினார். குற்றம் பற்றரியில் அன்று, அதனை ஸ்ராட்டருடன் இணைக்கும் தடித்த செம்பு வடத்திலேயே இருந்தது.

எஞ்சினை முதலிற் சுழற்றிவிடும் ஸ்ராட்டர், 12 வோல்ற் லொறியில் 200 அம்பியர் அளவான மின்னோட்டத்தைச் சில விநாடிகளுக்கு இழுக்கும். முன்விளக்கு ஒன்றுக்கோ நான்கைந்து அம்பியர் போதும். ஆதலின் விளக்கு எரிவதைக் கண்டு வடம் நலமென்று முடிவுசெய்தல் தகாது. நான் கலைப்பிரிவிற் பயின்றவன். எனினும் ஜேர்மனியரான ஓம் 1827 இல் வெளியிட்ட விதியை விளங்கப் பெருக்கல் வாய்பாடே போதுமானது. வடத்தின் நுனியில் ஓர் ஓமின் நூறிலொரு பங்கு தடை தோன்றினும், 200 அம்பியர் ஓடுகையில் 2 வோல்ற் அவ்விடத்திலேயே தொலைந்து வெப்பமாகிவிடும்.

இத்தடை எங்ஙனம் வருகின்றது? பற்றரியின் அமில ஆவி, வடத்தின் உறைக்குள் மெல்லப் புகுந்து செம்பை அரிக்கிறது. வெளியே உறை பளபளப்பாக இருக்க, உள்ளே பச்சை நிறப் பொடியே மிஞ்சும். கையால் வளைத்தால் விறைப்பாகவும் நொறுங்குவது போலவும் தோன்றும்.

வோல்ற்றுமானி இருப்பின் ஐயமே வேண்டாம். கியரை விடுவித்து, எரிபொருளை நிறுத்திவிட்டு, மானியின் ஒரு கம்பியைப் பற்றரி முனையிலும் மற்றதை ஸ்ராட்டரின் முனையிலும் வைத்து ஒருவரைச் சுழற்றச் சொல்லுக. அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அவ்வழியிற் பழுதுண்டு. அடுத்து, சட்டத்துடன் இணைந்த முனைக்கும் எஞ்சினின் உடலுக்கும் இடையிலும் அவ்வாறே பார்க்கவேண்டும். பலர் மறப்பது இதனைத்தான். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால், அதனைச் சட்டத்துடன் பிணைக்கும் பின்னற்பட்டி அறுந்தால், மின்னோட்டம் அக்சிலேற்றர்க் கம்பி வழியே திரும்ப முயன்று அதனைச் சுட்டுவிடும்.

புதிய வடத்தின் பருமனை உறையைக் கொண்டு மதிப்பிடலாகாது. உள்ளேயுள்ள செம்பே கணக்கு. பழையதிலும் மெலியதை வாங்குதல் பணத்தை வீணாக்குவதாகும். அதிர்வைத் தாங்க நுண்ணிய இழைகள் பலவாக இருத்தல் வேண்டும்.

கழற்றும்போது, சட்டத்துக்குச் செல்லும் வடத்தையே முதலிற் கழற்றுக. மற்றதை முதலிற் கழற்றினால், ஸ்பனர் இரும்பில் தொட்டதும் பெருந்தீப்பொறி எழும். பற்றரியருகே ஐதரசன் வாயு இருக்குமாயின் அது வெடிக்கவும் கூடும். 1950 களில் வந்த பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனையே சட்டத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே நிறத்தை நம்பாது, வடம் செல்லும் வழியைக் கண்ணாற் தொடர்ந்து பார்க்கவேண்டும். முனைகளை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, இணைப்பிடத்தில் நிறப்பூச்சையும் துருவையும் உலோகம் மினுங்கும்வரை சுரண்டுக.

ஸ்ராட்டர் வடத்துக்குப் பெரும்பாலும் பியூஸ் கிடையாது. சட்டத்தின் துளையில் உராய்ந்து உறை கிழிந்தால் லொறியே தீப்பற்றலாம். எனவே துளைக்கு இறப்பர் வளையமிட்டு, புகைக்குழாய்க்கு எட்ட வடத்தைக் கட்டி, சட்டத்து இணைப்பை இறுதியாகவே பூட்டுக.