வானிலிருந்து வரும் உதவியும் தரையிலிருந்து எழும் அபாயமும்

வெள்ளம் சூழ்ந்த ஊர்களிலும், நிலநடுக்கத்தால் வீதிகள் சிதைந்த மலைநாடுகளிலும் இடருற்றோரை மீட்டற்கு ஹெலிகொப்டரைப்போல உதவும் ஊர்தி பிறிதில்லை எனலாம். 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பர்மாக் காட்டில் அகப்பட்டிருந்த ஒரு விமானியையும் மூன்று போர்வீரரையும் சிறிய ஹெலிகொப்டரொன்று ஒருவர்பின் ஒருவராக ஏற்றி மீட்டது. ஓடுபாதையில்லாத இடத்திலும் இறங்கவல்லது என்பதே இவ்வூர்தியின் தனிச்சிறப்பு. ஆயினும் அச்சிறப்பினுள்ளேயே ஓர் அபாயமும் அடங்கியுள்ளது. செப்பனிடப்படாத நிலத்திற் கிடக்கும் மணல், கல், தகரம், துணி முதலியன ஊர்தி இறங்குங்கால் மேலெழுந்து, மீட்கவந்தோர்க்கும் மீட்கப்படுவோர்க்கும் ஊறு விளைக்கின்றன.

இதன் காரணம் நியூற்றனின் மூன்றாம் விதியிலேயே உள்ளது. ஹெலிகொப்டர் அந்தரத்தில் நிற்பது, தன் எடைக்கு ஈடான விசையுடன் வளியைக் கீழ்நோக்கித் தள்ளுவதனாலாம். பிளக் ஹோக் என்னும் ஹெலிகொப்டர் முழுப் பாரத்துடன் ஏறத்தாழ 10,000 கிலோகிராம் நிறையுடையது. அதன் சுழல்விசிறியின் விட்டம் 16 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே விசிறி சுழலும் வட்டத்தின் ஒவ்வொரு சதுர மீற்றரும் ஏறத்தாழ 47 கிலோகிராம் பாரத்தைத் தாங்குகின்றது. கணித்து நோக்கின், விசிறியின் கீழே வளி மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தை அடைதல் பெறப்படும். அது புயற்காற்றின் வேகமாகும். அவ்வேகம் குறையாது இரண்டு சதுர மீற்றர்ப் பரப்புள்ள தகரமொன்றை நேர்நின்று தாக்குமாயின், அதன்மீது 90 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடான விசை உண்டாகும்.

கீழிறங்கிய காற்று தரையை அடைந்ததும் நாற்றிசையும் திரும்பி, நிலத்தையொட்டிப் படலமாக விரைகின்றது. ஊர்திக்குச் சற்றுத் தொலைவில் நிற்போரையும் அது வீழ்த்தவல்லது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவமனையொன்றில் மீட்பு ஹெலிகொப்டர் இறங்குகையில், அண்மையிலிருந்த வாகனத் தரிப்பிடத்தில் நின்ற 87 வயது மூதாட்டி அக்காற்றினால் வீழ்த்தப்பட்டு உயிரிழந்தார். அமைக்கப்பட்ட தளத்திலேயே இவ்வாறு நிகழுமாயின், அமைக்கப்படாத நிலத்தைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை.

நிலத்திலிருந்து எழும் பொருள்கள் மூவகையாகத் தீங்கு செய்கின்றன. முதலாவது, நுண்தூசி. பாலைவன மணலை ஆராய்ந்த பாக்னோல்ட் 1941இல் வெளியிட்ட நூலில் விளக்கியவாறு, காற்றினால் உந்தப்பட்டுத் துள்ளும் மணற்றுணிக்கைகள் வீழுமிடத்திலே பிறவற்றையும் கிளப்பிவிடுகின்றன. எழுந்த தூசி சுழன்று மேலேறி மீண்டும் விசிறியின் வழியே இறங்குவதால், விமானி நிலத்தைக் காணாது, ஊர்தி எப்பக்கம் நகர்கின்றதென்பதையும் அறியாது மயங்குகின்றார். 1980 ஏப்பிரலில் ஈரானியப் பாலைவனத்தில், பணயக்கைதிகளை மீட்கச் சென்ற அமெரிக்க ஹெலிகொப்டரொன்று, முயற்சி கைவிடப்பட்டபின் எழுந்த புழுதிப்படலத்தில் விமானமொன்றுடன் மோத, எண்மர் மாண்டனர்.

இரண்டாவது, மணலும் கல்லும். மணல் விசிறியலகுகளின் முன்விளிம்பை அரிக்கின்றது. இயந்திரத்துட் புகுந்து அதன் உறுப்புக்களைத் தேய்ப்பதுடன், கடுவெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோற் படியவுஞ் செய்கின்றது. கற்களோ மனிதரைக் காயப்படுத்துகின்றன. மூன்றாவது, துணி, படங்கு, தகரம் போன்ற அகன்ற பொருள்கள். இவை விசிறியிற் சிக்கலாம். வாற்புறச் சிறுவிசிறியைச் சிதைக்கலாம். அச்சிறுவிசிறி பழுதுறின் ஊர்தி கட்டுப்பாடின்றித் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும்.

இயந்திரத்தின் வாயிலில் மணலைப் பிரிக்கும் வடிகள் இன்று பொருத்தப்படுகின்றன. எனினும் அவை படங்கையோ தகரத்தையோ தடுத்தல் இயலாது. அப்பணி தரையில் நிற்போர்க்குரியது. நடுத்தர ஹெலிகொப்டர் ஒன்றிற்குப் பக்கம் ஏறத்தாழ 30 மீற்றர் கொண்ட, சரிவு மிகாத நிலம் தெரிந்தெடுக்கப்படல் வேண்டும். அந்நிலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பலர் வரிசையாக நடந்து ஆராய்ந்து, பறக்கக்கூடிய யாவற்றையும் அகற்றல் வேண்டும். நீர் கிடைக்குமாயின் தூசியை நனைத்தல் நன்று. அடையாளத்துக்கென விரிக்கப்படும் துணியும் நன்கு கட்டப்படாவிடின் ஆபத்தாகும். நோயாளியின் போர்வையை இறுகக் கட்டிக் கண்களை மூடிக் காத்தல் வேண்டும். விமானி சைகை காட்டுமுன் ஒருவரும் ஊர்தியை அணுகலாகாது. அணுகுங்காலும் அவர் கண்ணுக்குத் தெரியும் முன்புறமாகவன்றிப் பின்புறமாகச் செல்லலாகாது.

ஹெலிகொப்டர் அழைக்கப்படும் இடம் பெரும்பாலும் அழிவு நிகழ்ந்த இடமே. கூரைகள் பெயர்ந்து, தகரமும் மரத்துண்டும் சிதறிக்கிடக்கும் அவ்விடத்திலே, ஓடி ஒதுங்கவியலாத காயமுற்றோரே இறங்குதளத்துக்கு மிக அண்மையிற் கிடத்தப்பட்டிருப்பர். ஆதலின், ஊர்தியின் ஒலி கேட்குமுன்னரே நிலத்தைத் துப்புரவு செய்தல் மீட்புப்பணியின் முற்பகுதி என உணரப்படல் வேண்டும். விமானியின் திறமை எத்துணைச் சிறந்ததாயினும், தரையிற் கிடக்கும் ஒரு தகரத்தை முன்கூட்டி அகற்றவல்லார் தரையில் நிற்பவரேயாவர்.