மலையில் வீடு கட்டக் கற்பது



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாழவந்தியில் ஒருவர் வீடு கட்ட நினைத்தால் செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் இந்த வழியாகவோ குப்பனூர் வழியாகவோ லாரியில் ஏறித்தான் வரவேண்டும். சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மக்களுடைய முன்னோர் மூங்கில் தட்டியில் மண் பூசி, மேலே புல் வேய்ந்து வாழ்ந்தார்கள். அதற்கே திரும்புங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. கூரை மாற்றும் சிரமம் அதை மாற்றியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் உள்ளூர் மண்ணையும் கல்லையும் கொண்டு இன்றைய அறிவோடு உறுதியாகக் கட்டுவது எப்படி என்று நம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது கற்றுத் தருகிறோமா?

பாடங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியதிலிருந்தே தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அதில் வேளாண் அறிவியல் ஒரு பாடம். கட்டடப் பொறியியல் வேறொரு பாடம். சுற்றுச்சூழலைக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டதால் அதுவும் வந்தது. ஆனால் மூன்றும் மூன்று அறைகளில் நடக்கின்றன. மலையிலோ இவை மூன்றும் ஒன்றே.

எளிய சோதனை ஒன்றைப் பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண்ணும் மீதி நீரும் இட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியில், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி என அடுக்கடுக்காகப் படியும். தோட்டக்காரர் அந்த அடுக்குகளைப் பார்த்து எதை நடலாம் என்பார். கொத்தனார் அதே அடுக்குகளைப் பார்த்து இந்த மண்ணில் கல் அறுக்கலாமா என்பார். மண்ணோடு சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் கல்லுக்குச் சூளை வேண்டாம், விறகும் வேண்டாம். 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டட நிறுவனம் இதற்குப் பயிற்சி தருகிறது. அதற்குக்கூட மேல்மண்ணைத் தொடக்கூடாது. அது பயிருக்கு உரியது, கல்லுக்கு அடிமண்தான்.

சரிவும் அப்படியே. வீட்டுக்கு இடம் எடுக்க மேட்டைச் செங்குத்தாக வெட்டுகிறோம். மழைநீர் இறங்கித் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தேங்குகிறது. மண் ஊறிக் கனக்கிறது, பிடிமானம் தளர்கிறது. நீர் வெளியேறத் துளை விடாத சுவர் ஒருநாள் சாயும். மேலே காபித் தோட்டத்தில் நிழல் மரமும் அதில் படர்ந்த மிளகும் உதிர்ந்த சருகும் மழையின் வேகத்தைத் தாங்கி நீரை மெதுவாக உள்ளே விடுகின்றன. அந்த மரத்தை வெட்டினால் ஆபத்து கீழ்வீட்டுக்காரருக்கு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் மறக்கவில்லை. 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை எனக் கற்பித்தது இங்கே வெறும் தத்துவம் அல்ல.

லாரி பேக்கரை அறிந்திருப்பீர்கள். இங்கிலாந்தில் பிறந்த இந்தக் கட்டடக்கலைஞர் 16 ஆண்டுகள் இமயமலைப் பகுதியான பித்தோராகரில் தங்கி, அங்குள்ள மக்கள் கல்லும் மண்ணும் கொண்டு கட்டுவதைப் பார்த்துக் கற்றார். பின்னர் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயேசு சபையினரின் லயோலா பள்ளிக்குச் சிற்றாலயமும் அரங்கமும் கட்டினார். செங்கல்லுக்குள் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறி முறையை அவர் பரப்பினார். அதில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். படித்தவர் படிக்காதவரிடம் கற்ற கதை இது. நம் பள்ளிகளில் இது தலைகீழாகவே நடக்கிறது.

ஆயினும் பெற்றோர் ஒரு கேள்வி கேட்பார்கள்: "மண் சுமக்கவா சாமி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புறோம்?" இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத் தொழில் என்ற திட்டத்தை மக்கள் 'குலக்கல்வி' என்று எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். அது சரியான முடிவு என்றே நாம் கருதுகிறோம். உழைப்பவரின் பிள்ளைக்கு மட்டும் உழைப்பைப் பாடமாக்கினால் அது கல்வி அல்ல.

எனவே இப்படியொரு பாடம் வந்தால், எஸ்டேட் தொழிலாளியின் மகள் படிக்கும் பள்ளியில் மட்டுமல்ல, 1917இல் தொடங்கிய மான்போர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளிலும் அது இருக்க வேண்டும். கல்லூரிக் கதவும் திறந்திருக்க வேண்டும். தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் சேர்க்கையிலும் தனி ஒதுக்கீடு உண்டு என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ஏற்காட்டிலேயே அப்பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மூங்கில் தட்டி கட்டத் தெரிந்த முதியவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியராக அழைத்து, நாற்காலி போட்டு, ஊதியமும் கொடுக்க வேண்டும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குச் செல்லும்போது, பள்ளிக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.