நீக்காமலே மறைக்கலாம்: ஆறு நாடுகளில் ஃபேஸ்புக் செய்த சோதனை

அல்காரிதம்னு சொன்னதும் நிறைய பேருக்குப் பொய்ச் செய்திதான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப்போறது வேற விஷயம். உண்மையான செய்தி, யாரும் தடை செய்யாமலே எப்படி நம்ம கண்ணுல படாமப் போகுது?

2017 அக்டோபரில் ஃபேஸ்புக் ஒரு சோதனை செய்தது. இலங்கை, கம்போடியா, பொலிவியா, குவாத்தமாலா, செர்பியா, ஸ்லோவாக்கியா என ஆறு நாடுகள். ஃபேஸ்புக்கைத் திறந்ததும் வரும் முதன்மை ஃபீடில் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளும் விளம்பரங்களும் மட்டும் இருந்தன. செய்தி நிறுவனங்களின் பதிவுகள் 'எக்ஸ்ப்ளோர்' என்ற தனி ஃபீடுக்குப் போய்விட்டன.

ஒரு பதிவைக்கூட நீக்கலை. ஆனா, தேடிப் போய்ப் படிக்கிறவங்க எத்தனை பேர்? ஸ்லோவாக்கியாவின் பெரிய ஊடகப் பக்கங்களுக்கு வந்த லைக், கமெண்ட், ஷேர் எல்லாம் சேர்ந்து கால் பங்காகக் குறைந்துவிட்டதாக அந்நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் கணக்கெடுத்துச் சொன்னார்.

இதுல யாருக்கு அடி அதிகம்? பெரிய டிவி சேனலுக்கு மக்களிடம் போக வேற வழி இருக்கு. சின்ன, சுதந்திரமான தளத்துக்கு ஃபேஸ்புக்தான் வாசல். செர்பியாவில் ஊழலைத் தோண்டி எழுதும் 'க்ரிக்' தளத்தின் ஆசிரியர் ஸ்டெவான் டொய்ச்சினோவிச் இதைத்தான் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். காசு கொடுத்து விளம்பரமாகப் போட்டால் முதன்மை ஃபீடில் வரலாம். அதாவது, காசு உள்ளவங்க குரல் மட்டும் கேட்கும்.

2018 மார்ச்சில் ஃபேஸ்புக்கே சோதனையை நிறுத்தியது. மக்களுக்கு இரண்டு ஃபீடு பிடிக்கவில்லை, முக்கியமான தகவலைத் தேடுவது கஷ்டமாகிவிட்டது என்று காரணம் சொன்னது. ஆனா, அந்த நாட்டு மக்களைக் கேட்டு அதை ஆரம்பிக்கவில்லை.

பழைய தணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்க. 1975 நெருக்கடி நிலையின்போது இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. வாசகருக்கு உடனே புரிந்தது, இங்கே ஏதோ தடுக்கப்பட்டிருக்கு என்று. ஃபீடில் அப்படி வெற்றிடமே தெரியாது. ஒன்று மறைந்தால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும். எதை இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாது.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான். நீங்க நம்புற இரண்டு மூன்று செய்தித் தளங்களின் முகவரியை போன்ல சேமிச்சு வைங்க. ஃபீடு காட்டட்டும்னு காத்திருக்காம, நேரா போய்ப் படிங்க.