இரண்டு படங்கள், ஒரே வெளிச்சம்

அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளை பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று. பேத்தி கல்யாணத்தில் செல்போனில் எடுத்த அம்மாவின் படம் ஒன்று. இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. "திதிக்குள்ள ரெண்டு பேரையும் ஒண்ணா போட்டுக் குடுங்கண்ணே" என்று மகன் வந்து நிற்பது தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்களுக்குப் பழகிய காட்சி. அந்தப் படம் எப்படி உருவாகிறது?

கம்ப்யூட்டருக்கு முன்பே உண்டு

படங்களை இணைப்பது பழைய கலை. இங்கிலாந்தின் ஹென்றி பீச் ராபின்சன், சாகக் கிடக்கும் இளம்பெண்ணைக் குடும்பம் சூழ்ந்திருக்கும் காட்சியை 1858-இல் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து உருவாக்கினார். இருட்டறையில் நடந்த இந்த வேலையை 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மேசைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் அதில் 'லேயர்' வசதி சேர்ந்த பிறகு வேலை இன்னும் சுலபமானது.

வெட்டாமல் மறைப்பது

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. அப்பா ஒரு தாளில், அம்மா ஒரு தாளில், பின்னணி அடியில். அம்மாவுக்குப் பின்னால் தெரியும் மண்டபத்தை அழித்துவிட்டால், தவறிப்போன இடத்தைப் பிறகு சரிசெய்வது சிரமம். அதனால் 'மாஸ்க்' போடுகிறார்கள். மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடம் மறையும்; வெள்ளை பூசினால் திரும்பத் தெரியும்; சாம்பல் பூசினால் பாதி தெரியும். தலைமுடியின் ஓரத்தில்தான் பொறுமை வேண்டும். மண்டபத்துச் சீரியல் விளக்கின் நிறம் ஒவ்வொரு இழையிலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

வெளிச்சம் சேர வேண்டும்

முகங்களைப் பக்கத்தில் வைத்ததும் உண்மையான வேலை தொடங்குகிறது. அப்பா முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்தும், அம்மா முகத்தில் வலப்பக்கமிருந்தும் விழுந்திருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். அம்மா படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். திருப்பினால் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும். வீட்டார் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும்தான் சரிக்கட்ட வேண்டும்.

அடுத்தது தெளிவு. பழைய படத்தில் இல்லாத நுணுக்கத்தைப் புதிதாக வரைந்தால் அப்பா வேறு யாரோ ஆகிவிடுவார். தெளிவாக இருக்கும் செல்போன் படம்தான் இறங்கி வர வேண்டும்: நிறத்தை எடுத்துவிட்டு, கூர்மையைக் குறைத்து, பழைய படத்தில் உள்ள பொடிமணலைப் போன்ற புள்ளிகளை அதிலும் தூவ வேண்டும்.

செய்தியில் கூடாது

இதே திறமை பத்திரிகையில் குற்றமாகிறது. 2003 ஈராக் போரின்போது, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி, பாஸ்ரா அருகே சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்கி அனுப்பினார். ஒன்றில் பிரிட்டிஷ் சிப்பாயின் சைகை நன்றாக இருந்தது. மற்றதில் குழந்தையைச் சுமந்த மனிதர் நன்றாகத் தெரிந்தார். படம் முதல் பக்கத்தில் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சிலர் இரண்டு முறை தெரிவதை வேறொரு பத்திரிகை ஊழியர் கவனித்தார். வால்ஸ்கி வேலையிழந்தார். அந்த இரண்டு படங்களும் உண்மை. இணைத்துக் காட்டிய கணம் மட்டும் நடக்கவே இல்லை. வாசகருக்கு அது தெரியாது.

அப்பா அம்மா படத்தைக் கேட்டு வாங்குகிற மகனுக்குத் தெரியும். அவருடைய பேரனுக்குத் தெரியாது. அதனால் இரண்டு மூலப் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். ஃபிரேம் போடுவதற்கு முன், படத்தின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்: 'தாத்தா படம் ஒன்று, பாட்டி படம் ஒன்று, பிள்ளைகள் ஆசைப்பட்டுச் சேர்த்தது.'