காலி டப்பா காலியா?

வெள்ளகோவில் பக்கம் முருங்கைத் தோட்டத்தில் மருந்தடித்து முடிந்ததும் வரப்பில் ஒரு டப்பா கிடக்கும். "மருந்துதான் தீந்துருச்சுங்களே அப்பாரு, தண்ணி மோந்துக்க எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால், "தொடாதே சாமி!" என்று அதட்டல்தான் வரும். அதட்டியது சரிதான். கவிழ்த்துப் பிடித்துச் சொட்டு நின்ற பிறகும் உட்பக்கத்திலும் மூடித் திருகிலும் மருந்து ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு லிட்டர் டப்பாவில் 10 மில்லி ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கழுவ 720 மில்லி தண்ணீர் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால், 730 மில்லியில் 10 மில்லி மறுபடியும் ஒட்டி நிற்கும். அதாவது, மருந்தில் 73-இல் ஒரு பங்கு மிஞ்சும். அதே தண்ணீரை 240 மில்லியாக மூன்று தடவை ஊற்றினால்? ஒவ்வொரு தடவையும் 25-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். 25 × 25 × 25 = 15,625. கடைசியில் அத்தனை பங்கில் ஒன்று! தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, பிரித்து ஊற்றினோம், அவ்வளவுதான். நம்பிக்கை வராவிட்டால் பேனா மையைக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டுக் கழுவிப் பாருங்கள். மருந்து டப்பாவில் மட்டும் வேண்டாம். அது கையுறை போட்ட பெரியவர்கள் வேலை.

கழுவின தண்ணீரை வாய்க்காலில் விட்டால் மீனுக்கும் மாட்டுக்கும் ஆபத்து. அதனால் மருந்து கலக்கும்போதே டப்பாவைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். பிறகு டப்பாவின் அடியில் ஒரு ஓட்டை. இனி யாரும் அதில் எண்ணெய் ஊற்றி வைக்க முடியாது. எரிக்கவும் கூடாது, புகையிலும் நஞ்சு வரும்.

இந்த டப்பாவுக்குக் கூட்டாளிகளும் உண்டு. பெயின்ட் டின், பேட்டரி, காலாவதியான மாத்திரை, ஊசி, டியூப் லைட் எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்றன 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள். இவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்றும் அவை சொல்லின. உங்கள் ஊர் மையம் எங்கே என்று நகராட்சியில் கேட்டுப் பார்க்கப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

டியூப் லைட்டுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். உடைந்தால் அது ஆவியாகி மூச்சில் ஏறும். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். விளக்குமாற்றால் கூட்டினால் நன்றாகப் பரவிவிடும். சிறிது நேரம் கழித்துப் பெரியவர்கள் கெட்டி அட்டையால் அள்ளி மூடிபோட்ட பாட்டிலில் வைக்கட்டும். குப்பை வண்டி வரும்போது தனியாகக் கொடுத்து, "இதுல உடைஞ்ச டியூப் லைட் இருக்குதுங்க அக்கா" என்று சொல்லிவிடுங்கள்.