கறுப்புப் பட்டைக்கும் சேர்த்து டிக்கெட்

திருவனந்தபுரத்தின் கரமனையில் குடியிருப்பவர் சனிக்கிழமை மாலை படம் பார்க்கக் கிளம்பினால் இரண்டு திசைகள் இருக்கின்றன. கிள்ளிப்பாலம் தாண்டினால் தம்பானூர். பஸ் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டி ஏரீஸ் பிளெக்ஸ், அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கைரளி, ஸ்ரீ, நிளா என்று கொட்டகைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. மற்றது ஊரின் மறுகோடி: பைபாஸில் ஆக்குளம் லுலு மால். கேரளத்தின் முதல் ஐமாக்ஸ் திரை 2022ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது அங்கேதான். அங்கே போக நேரமும் கூடுதல், போக்குவரத்துச் செலவும் கூடுதல், டிக்கெட்டும் கூடுதல். இத்தனை கூடுதலுக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்வது, "திரை பெரிசு". அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் திரையின் அடிக்கணக்கை அளந்து பார்க்க யாரும் கொட்டகைக்குப் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து படம் கண்ணை எவ்வளவு நிறைக்கிறது, படத்தின் வடிவம் திரையின் வடிவத்தோடு பொருந்துகிறதா, விழும் வெளிச்சம் போதுமா என்ற மூன்றும்தான் அந்தக் கூடுதல் பணத்துக்கு நியாயம் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் விளம்பரப் பலகையில் இருப்பதில்லை.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். 40 அடி அகலத் திரையை 40 அடி தூரத்திலிருந்து பார்த்தாலும், 80 அடித் திரையை 80 அடி தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் விரியும் கோணம் ஒன்றுதான்: சுமார் 53 பாகை. திரையின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி உட்கார்ந்தால் அது 37 பாகையாகச் சுருங்கும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் 28. கடைசி வரிசைக்கும் 30 பாகையாவது கிடைக்க வேண்டும் என்பது திரையரங்கப் பொறியியலில் நெடுநாளாக உள்ள பரிந்துரை. அரங்குகளுக்கான டி.எச்.எக்ஸ். தரச்சான்று 36 கேட்கும். ஆக, பெரிய அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரைவிட, நடுத்தர அரங்கின் நடு வரிசையில் இருப்பவருக்கே படம் பெரிதாகத் தெரியலாம். இதோடு படத்தின் கூர்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல கண் ஒரு பாகைக்குள் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 60 பாகை விரியும் இடத்தில் உட்கார்ந்தால், 4கே படம் பாகைக்கு 68 புள்ளிகள் தந்து தப்பித்துவிடும். 2கே படம் தருவது 34தான். இன்றும் பல படங்கள் 2கே மாஸ்டராகவே அரங்குக்கு வருகின்றன. அப்படிப்பட்ட படத்துக்கு முன்வரிசையில் இடம் பிடிப்பவர், படத்தை நெருங்குவதாக நினைத்துக்கொண்டு அதன் குறையைத்தான் நெருங்குகிறார்.

பலரும் கண்டுகொள்ளாதது வடிவம். நம் ஊர் டிஜிட்டல் ஐமாக்ஸ் திரை உயரத்தைப் போல் 1.90 மடங்கு அகலம் கொண்டது. தமிழிலும் மலையாளத்திலும் பெரும்பாலான பெரிய படங்கள் ஸ்கோப்பில், அதாவது 2.39 மடங்கு அகலத்தில் எடுக்கப்படுகின்றன. அந்தப் படத்தை வெட்டாமல் ஐமாக்ஸ் திரையில் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும்; திரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். 2025 மார்ச்சில் வந்த 'எல்2: எம்புரான்' மலையாளத்தின் முதல் ஐமாக்ஸ் வெளியீடு. ஆனால் அது எடுக்கப்பட்ட விகிதமோ 2.8. அந்தச் சட்டத்தை அப்படியே 1.90 திரையில் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு இருட்டு. கிடைப்பதிலேயே உயரமான திரையில் கிடைப்பதிலேயே தட்டையான படம் என்பது கொஞ்சம் வேடிக்கையான கல்யாணம்தான். நியாயமாகச் சொன்னால், அதே அகலமுள்ள ஸ்கோப் திரையில் பார்ப்பதைவிடப் படம் சிறுத்துவிடாது. ஆனால் ஐமாக்ஸுக்கென்று கொடுக்கும் கூடுதல் காசு அந்த உயரத்துக்கானது. உயரம் அங்கே வேலை செய்யவில்லை. 2024இல் வந்த 'டியூன்: பார்ட் டூ' இதற்கு நேர் எதிர். படம் முழுவதும் உயர்ந்த சட்டத்திலேயே ஐமாக்ஸுக்காகத் தயாரானது. பாலைவனத்தின் மேல் நிற்கும் வானம் சாதாரணத் திரையில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஒரே திரை, ஒரே டிக்கெட் விலை. ஒரு படத்துக்கு முழு மதிப்பு, இன்னொன்றுக்கு அரைகுறை.

பெயர் ஒன்று, பொருள் ஒன்று என்ற இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. கரமனைப் பாலம் தாண்டி, பாப்பனங்கோடு வழியாகப் போனால் வரும் நேமத்தில், மெரிலாண்ட் ஸ்டூடியோ 1950களில் படம் எடுத்துத் தள்ளிய காலத்தில் திரை ஏறக்குறைய சதுரம். மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் 'தச்சோளி அம்பு' 1978இல் வந்தது; தமிழில் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே 'ராஜராஜ சோழன்' வந்துவிட்டது. 1982இல் நவோதயாவின் 'படையோட்டம்' முழுக்க இந்தியாவிலேயே தயாரான முதல் 70 எம்.எம். படம் என்ற பெருமையோடு வெளியானது; 1986இல் 'மாவீரன்' தமிழின் முதல் 70 எம்.எம். படம். 'படையோட்டம்' 35 எம்.எம். நெகட்டிவில் எடுத்து 70 எம்.எம். பிரிண்டாகப் பெருக்கப்பட்டதுதான், 'ஷோலே'யும் அப்படியே. நெகட்டிவில் இல்லாத நுணுக்கத்தைப் பிரிண்ட் புதிதாக உண்டாக்க முடியாது. அப்படியானால் அன்றைக்கு வாய்பிளந்து பார்த்தவர்கள் ஏமாந்தவர்களா? இல்லை. அகன்ற பிரிண்டின் வழியே கூடுதல் வெளிச்சம் திரைக்குப் போயிற்று. அதன் ஓரத்தில் இருந்த காந்தப் பட்டைகளில் ஆறு தடங்களில் ஒலி வந்தது. ஜனங்கள் கொண்டாடியது அந்த வெளிச்சத்தையும் ஒலியையும். போஸ்டரில் இருந்ததோ 70 என்ற எண்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கொட்டகைகள் பெரிதும் கோட்டை விடுவது இங்கேதான். திரையின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது. அதே பிரகாசம் வேண்டுமானால் ப்ரொஜெக்டரும் நான்கு மடங்கு ஒளியைத் தர வேண்டும். டிஜிட்டல் சினிமாவின் தரம் திரை நடுவில் 48 நிட் (பிரகாசத்தின் அலகு). செனான் விளக்கு புதிதில் அதை எட்டும். ஓட ஓட மங்கிக்கொண்டே வரும். விளக்கு விலை அதிகம் என்பதால் மாற்றுவது தள்ளிப்போகும். இரவுக் காட்சிகளில் கதாநாயகன் யாரோடு சண்டை போடுகிறான் என்றே தெரியாமல் போவதற்கு எப்போதும் ஒளிப்பதிவாளரைக் குறை சொல்ல முடியாது. லேசர் ப்ரொஜெக்டரின் பெரிய வரம் இதுதான்: பல்லாயிரம் மணி நேரம் ஓடியும் மெல்லத்தான் தளரும். டால்பி சினிமா இன்னும் ஒரு படி மேலே போய் 108 நிட்டையும் ஆழ்ந்த கறுப்பையும் தருகிறது. இந்தியாவில் முதலில் வரவிருப்பதாக 2025இல் அந்த நிறுவனம் அறிவித்த ஆறு அரங்குகளின் பட்டியலில் திருச்சியும் கொச்சியும் இருந்தன. கூடவே கண்ணூர் மாவட்ட மலையோர ஊரான உளிக்கலும் இருந்தது. தலைநகரான திருவனந்தபுரம் இல்லை. ஊரின் பெருமைக்கும் திரையின் தரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெரிய திரை வெறும் கோணக் கணக்கு அல்ல, அதன் பிரமாண்டமே தனி என்று ஒருவர் மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு. கைக்கெட்டும் தூரத்துத் தொலைக்காட்சியும் எட்டாத தூரத்துத் திரையும் ஒரே கோணத்தில் விரிந்தாலும் கண் ஏமாறுவதில்லை. அருகில் உள்ளதற்குக் குவிவதும் தொலைவில் உள்ளதற்குத் தளர்வதும் அதற்குத் தெரியும். பெரிய திரைக்கு இன்னொரு உண்மையான லாபமும் இருக்கிறது, அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. சிறிய அரங்கில் நல்ல கோணம் இரண்டு மூன்று வரிசைகளுக்கே வாய்க்கும். பெரிய அரங்கில் அது பத்து வரிசைகளுக்குப் பரவும். க்யூப் நிறுவனத்தின் எபிக் வடிவில் 2019இல் ஆந்திரத்தின் சூளூர்பேட்டையில் எழுந்த சுமார் 100 அடி அகலத் திரையின் சாதனையை நான் அப்படித்தான் மதிப்பேன்: அறுநூறுக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கில் நல்ல இருக்கை என்பது சிலருக்கு மட்டும் கிடைத்த சலுகையாக இல்லை.

பெயருக்கும் மதிப்புண்டு, ஐமாக்ஸ் என்றால் ஒலியையும் ஒளியையும் நிறுவனமே கண்காணிக்கிறது, உள்ளூர் முதலாளியின் தயவை நம்ப வேண்டாம் என்பது அடுத்த வாதம். இதையும் ஒப்புக்கொள்ளலாம். பராமரிப்புக்கான உத்தரவாதம் பெயரின் நேர்மையான பயன். ஆனால் அந்தப் பெயருக்குள்ளேயே தரம் பலவாகக் கிடக்கிறது. 2023இல் 'ஓப்பன்ஹைமர்' சட்டத்துக்கு 15 துளை கொண்ட 70 எம்.எம். ஐமாக்ஸ் ஃபிலிமாக உலகில் முப்பது அரங்குகளில் ஓடியது. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. ஃபிலிம் ஐமாக்ஸோடு 2003இல் தொடங்கிய ஹைதராபாத் பிரசாத்ஸ், பின்னாளில் அந்தப் பெயரையே விட்டுவிட்டு 100 அடிக்கு மேல் அகலமான சொந்தத் திரையை நிறுவியது. கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. நாம் இங்கே ஐமாக்ஸ் என்று பார்ப்பது அந்த ஃபிலிமின் தம்பி. நல்ல தம்பிதான், ஆனால் அண்ணன் பேரில் காசு வாங்குகிறான்.

முன்பதிவுச் செயலியில் இருக்கையின் எண், பாப்கார்ன் விலை, வண்டி நிறுத்தக் கட்டணம் வரை தெரிகிறது. படத்தின் விகிதம் மட்டும் தெரிவதில்லை. அதை ஒளிப்பதிவாளரின் பேட்டியிலோ படக்குழுவின் அறிவிப்பிலோ தேடிக்கொள்ள வேண்டும். ஸ்கோப் படம் என்று தெரிந்தால், கரமனைக்காரர் கிள்ளிப்பாலம் வழியாகத் தம்பானூர் போய், விளக்கு நன்றாக எரியும் அரங்கு ஒன்றில், திரையின் அகலத்துக்குச் சமமான தூரத்தில் நடு வரிசை பிடிக்கலாம். மிச்சப்பட்ட பணத்தில் இரவுச் சாப்பாடும் ஆகிவிடும். படம் உயர்ந்த சட்டத்தில் வருகிறதென்றால் பைபாஸ் ஏறி ஆக்குளம் போவது சரியான செலவு. அங்கேயும் முதல் மூன்று வரிசை மட்டுமே மிச்சம் என்றால் அடுத்த நாளுக்கு எடுப்பது நல்லது: திரையின் மேல்விளிம்பைப் பார்க்கக் கழுத்து 35 பாகைக்கு மேல் நிமிர்ந்தால், இடைவேளைக்குள் படத்தைவிடக் கழுத்துதான் நினைவில் நிற்கும்.