தார்ப்பாய் எங்கே போச்சு?
நிதி கொடுத்த ஊர் மாறியதா என்று சோதித்த கதை

ஊர்க்கூட்டத்தின் நடுவே ஒரு பெரிய தார்ப்பாய். “எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னீர்களே, அதற்காக ஊருக்கு எங்கள் அன்பளிப்பு” என்று சொல்லிவிட்டு, கணக்கெடுக்க வந்தவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதை நெல் காயவைக்க விரிக்கலாம், ஒழுகும் பொதுக்கட்டடத்தின் மேல் போர்த்தலாம். சத்தமில்லாமல் யாராவது ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கும் அது போய்ச் சேரலாம். சில மாதம் கழித்து அவர்கள் திரும்ப வந்து விசாரிப்பார்கள்: தார்ப்பாய் எங்கே? யார் கூடி முடிவெடுத்தது?

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 236 கிராமங்களில் நடந்த சோதனை இது.

அங்கே 1991-ல் மூண்ட உள்நாட்டுப் போர் 2002-ல்தான் ஓய்ந்தது. ஊர் விஷயங்களில் வயதான ஆண்கள் வைத்ததே சட்டமாக இருந்ததும், இளைஞர்கள் ஒதுக்கப்பட்டதும் போருக்கு ஒரு காரணம் என்று பலர் கருதினார்கள். அதனால் உலக வங்கி உதவியோடு வந்த ‘கோபிஃபோ’ திட்டம் (கிரியோ மொழியில் ‘முன்னேறிப் போ’ என்று பொருள்) பணத்தோடு ஒரு பாடத்தையும் கொண்டுபோனது. ஊருக்குச் சுமார் 4,700 டாலர். என்ன கட்டுவது என்று ஊரே தீர்மானிக்கும். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டம் நடத்தவும், எல்லோரையும் பேசவைக்கவும் களப்பணியாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள்.

பலன் கிடைத்ததா? இதைக் கண்டுபிடிக்க கேத்தரின் கேசி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், எட்வர்ட் மிகுவல் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். முதலாவது, குலுக்கல். 236 ஊர்களில் 118-க்கு நிதி. மீதி 118 ஒப்பிட்டுப் பார்க்க. போர் முடிந்த நாட்டில் எல்லா ஊருமே கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். அந்த நிமிர்வையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க இந்த ஒப்பீடு அவசியம். இரண்டாவது, எதையெல்லாம் அளக்கப் போகிறோம் என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள்.

நான்காண்டு கழித்து, 2009-ல் வந்த விடை இரண்டாகப் பிளந்து நின்றது. நிதி பெற்ற ஊர்களில் பொதுக்கட்டடங்களும் வசதிகளும் கூடியிருந்தன, வியாபாரமும் வளர்ந்திருந்தது. பணம் பெரும்பாலும் போகவேண்டிய இடத்துக்கே போயிருந்தது. ஆனால் ஊரின் நடைமுறை மாறவில்லை. திட்டத்துக்கு வெளியே நடந்த கூட்டங்களில் பெண்கள், நிதி பெறாத ஊர்ப் பெண்களைவிட அதிகம் பேசவில்லை. இளைஞர்கள் சொல்லும் எடுபடவில்லை. தார்ப்பாய் விஷயத்திலும் நிதி பெற்ற ஊருக்கும் பெறாத ஊருக்கும் வேறுபாடு தெரியவில்லை. கூட்டம் போட்டு முடிவெடுக்கும் பழக்கம் திட்டப் பணத்தோடு வந்து, அதோடேயே முடிந்துபோயிருந்தது.

இன்னொன்றையும் அவர்கள் ஒளிக்காமல் காட்டினார்கள். அளந்த விஷயங்கள் முந்நூறுக்கும் மேல். அவற்றில் தமக்குத் தோதானதை மட்டும் பொறுக்கினால், ‘ஊர் ஜனநாயகம் தழைத்தது’ என்று ஓர் அறிக்கை எழுதலாம்; அதே தரவிலிருந்து ‘ஊர் ஜனநாயகம் தேய்ந்தது’ என்று இன்னொன்றும் எழுதலாம். முன்பே எழுதி வைத்த பட்டியல்தான் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது. 2012-ல் ஆய்வு வெளியானபோது பேசப்பட்டதற்கு இந்த நேர்மையும் ஒரு காரணம்.

கதை அங்கே முடியவில்லை. திட்டம் தொடங்கிப் 11 ஆண்டுக்குப் பிறகு ஆய்வுக்குழு மீண்டும் அந்த ஊர்களுக்குப் போனது. இடையில் 2014-ல் எபோலா வந்து நாட்டையே உலுக்கியிருந்தது. ஆனாலும் பொதுவசதிகளிலும் வியாபாரத்திலும் கிடைத்த ஆதாயம் நிலைத்திருந்தது. ஊர் நிர்வாகத்திலும் சிறிய அளவில் நல்ல மாற்றம் தெரிந்தது. நான்காண்டில் எட்டாதது பதினோராண்டில் கொஞ்சம் எட்டியிருந்தது.

இந்தப் பதினோராண்டு விடையைச் சொல்லுமுன் பலரிடம் ஊகம் கேட்டு வைத்திருந்தார்கள். சியரா லியோனின் கொள்கை வகுப்பாளர்கள், திட்டம் உண்மையில் சாதித்ததைவிட அதிகம் சாதித்திருக்கும் என்று நம்பியிருந்தார்கள். பொய் சொல்ல அவர்களுக்குக் காரணமில்லை. நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை கணக்கிலும் கலந்துவிட்டிருக்கலாம். ஊருக்கு நிதி தரும் எந்த அறக்கட்டளைக்கும் இந்த ஆசை இருக்கும். அதனால்தான் எதை அளப்பது என்பதைக் காசோலையில் கையெழுத்திடும் முன்பே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.